வன்னியில் வீடு கட்டக் காசு சேர்த்தாச்சு: அதை யார் கையில் கொடுப்பது?

இந்தக் கேள்வி எனக்கு வருடத்தில் நாலைந்து தடவையாவது வரும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ ஓர் ஊர்ச் சங்கம். ஒன்றுகூடல் வைத்து, கொத்துரொட்டி விற்று, ஆளுக்கு ஆள் தலையில் கட்டிக் காசு சேர்த்திருப்பார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் தங்கள் ஊரில் மூன்று குடும்பத்துக்கு வீடு, ஒரு முன்பள்ளி, முடிந்தால் ஒரு கிணறு. அப்புறம் செயலாளர் தொலைபேசி எடுப்பார்.

"அண்ணை, ஆமிக்காரர் கட்டித் தாறம் எண்டு சொல்லுகினம். கூலி இல்லையாம், சாமான் காசு மட்டும் குடுத்தாச் சரியாம். கச்சேரியால போனா ஒரு வருசம் இழுக்கும் எண்டு சொல்லுகினம். ஒரு என்.ஜி.ஓ.வும் கதைச்சது. என்ன செய்ய?"

கச்சேரி என்று அவர் சொன்னது மாவட்டச் செயலகத்தை. போருக்குப் பிறகு வந்த வீட்டுத் திட்டங்களில் சில வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக அலைந்தவன் நான். அத்திவாரக் கிடங்கை அளப்பது, சுவர் எழும்பியதா என்று பார்ப்பது, அடுத்த தவணைக்குக் கையெழுத்துப் போடுவது, இவைதான் வேலை. எனவே இதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதை மறைக்காமல் எழுதுகிறேன், கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது

எல்லோரும் வேகத்தையும் காசையும்தான் முதலில் கேட்கிறார்கள். அவை இரண்டும் பட்டியலில் இருக்கட்டும். அதோடு இன்னும் நான்கைச் சேர்க்க வேண்டும்.

காணி. வீடு எழும்பப் போகும் நிலத்துக்கு உறுதி, அதாவது சொந்தப் பத்திரம், இருக்கிறதா, அரச காணி அனுமதிப்பத்திரமா, அல்லது இரண்டும் இல்லையா? வன்னியில் மீள்குடியேறிய பல ஊர்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் வீட்டு வேலிக்கு உள்ளே நிற்கும். காணி தெளிவில்லாமல் கட்டிய வீடு யாருடையது என்று பிறகு அடிபடுவது அந்தக் குடும்பம்தான், சங்கம் அல்ல.

பெயர்ப்பட்டியல். பயனாளியைத் தெரிவு செய்தது யார்? எந்த அளவுகோல்? ஊரில் அந்தப் பட்டியல் ஒட்டப்பட்டதா?

குறை சொல்லும் இடம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டியவர்கள் யார் என்று சொல்லாமல் விடுகிறேன். முன் விறாந்தை நன்றாகத்தான் இருந்தது. அறைக்குள் யன்னல் மூலையில் இருந்து கூரை வரை சரிவாக ஒரு வெடிப்பு. அந்த அம்மா அதன் மேல் பெரிய நாட்காட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார், வருடம் இரண்டு கடந்த நாட்காட்டி. "சொல்லியிருக்கலாமே" என்றேன். "ஆரிட்டத் தம்பி சொல்லுறது? கட்டினவை கட்டிப்போட்டுப் போட்டினம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பின்பராமரிப்பு. வீடு என்றால் குடும்பம் பார்க்கும். முன்பள்ளி என்றால் ஆசிரியைக்குச் சம்பளம், கழிப்பறைக்குத் தண்ணீர், ஐந்து வருடத்தில் வர்ணம். இவை யார் வரவு செலவில் வரும்?

## வழி 1: இராணுவத்திடம் கொடுப்பது

நடைமுறை இப்படி: காசு தருபவர் பொருட்களுக்குப் பணம் கொடுப்பார், சிப்பாய்கள் உடலுழைப்பைத் தருவார்கள். அடிக்கல் நாட்டும்போது ஒரு நிகழ்வு, சாவி கொடுக்கும்போது ஒரு நிகழ்வு, இரண்டிலும் படம். வடக்கில் இப்படிக் கட்டப்பட்ட வீடுகள் நிறைய.

பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பார வாகனம், மண் தள்ளும் இயந்திரம், ஒரே நேரத்தில் இருபது பேர், காலையில் சொன்னால் மாலையில் நடக்கும் ஒழுங்கு. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன மேசன் பதினொரு மணிக்கு வருவதைப் பார்த்துச் சலித்தவனுக்கு இது பெரிய விசயம்.

போருக்குப் பிந்திய முதல் வருடங்களில் இராணுவம் இல்லாமல் எதுவுமே அசைந்திராது என்பதும் உண்மை. காரணம் மிதிவெடி. 2009 மே மாதம் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களை ஊருக்கு அனுப்புவதற்கு முன் அந்த ஊர் மண்ணைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவு, வெளிநாட்டு வெடியகற்றும் அமைப்புகளான ஹலோ ட்ரஸ்ட், மாக், உள்ளூர் அமைப்பான டாஷ் எல்லாம் அடுத்தடுத்த துண்டுகளில் வேலை செய்தன. 2010இல் தேசிய மிதிவெடி நடவடிக்கை நிலையம் வந்தது. எந்தத் துண்டு யாருக்கு, எது முடிந்தது, எது பாக்கி என்பது வரைபடத்தில் இருந்தது. முகமாலையில் பெண்கள் முழங்காலில் இருந்து இரும்பு வாரியால் மண்ணை விரல் விரலாக இழுத்ததை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு மெதுவான வேலை என்று. ஒரு துண்டு முடிந்ததும் கையளிப்புப் பத்திரம் மாவட்டச் செயலகத்துக்குப் போகும். மண்டையோட்டுப் பலகை கழலும். அதற்குப் பிறகு அந்தக் காணியில் வெடி அகற்றியவருக்கு வேலை இல்லை.

படையும் குடிசார் நிர்வாகமும் சேர்ந்து செய்த வேலைகளில் நான் பார்த்தவரை நன்றாக நடந்தது இது. பத்திரத்தில் முடிவுத் திகதி இருந்தது.

வீட்டிலும் முன்பள்ளியிலும் அந்தத் திகதி இல்லை. மறைந்திருக்கும் செலவுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலாவது, குறை சொல்ல முகாம் வாசலுக்குப் போக வேண்டும். தனியாக இருக்கும் பெண், கணவனையோ மகனையோ காணாமல் தேடிக்கொண்டிருக்கும் தாய், முன்னாள் போராளி. இவர்களில் யார் அந்த வாசலுக்குப் போய் "ஓடு ஒழுகுது" என்று சொல்வார்? போனால் அயலட்டை என்ன நினைக்கும் என்ற பயம் வேறு. கட்டிய பட்டாலியனும் இடம் மாறிப் போயிருக்கும்.

இரண்டாவது, கூலி. மூன்று வீட்டுக் கூலி ஊருக்குள் போயிருந்தால் இரண்டு மேசன்மார், நாலு கையாட்கள், கல் அரியும் ஒரு பொடியன் சில மாதம் சாப்பிட்டிருப்பார்கள். "கூலி இல்லை" என்பது உங்களுக்கு மிச்சம், ஊருக்கு நட்டம்.

மூன்றாவது, காணி விசயம். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியே வந்தவர்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு மக்கள். அவர்களை அனுப்பியது சொந்தக் காணிக்கு அல்ல, காடு வெட்டி அமைத்த மாதிரிக் கிராமத்துக்கு. சொந்தக் காணியில் இராணுவ முகாம் இருந்தது. 2017இல் அவர்கள் முகாம் வாசலில் இருந்து போராடியது உலகம் அறிந்த கதை. இப்படிப்பட்ட ஊரில், அதே கையால் கட்டிய வீட்டின் சாவியை வாங்கச் சொல்லி ஒரு குடும்பத்தை மேடையில் ஏற்றுவது சரியா என்று சங்கம் தன்னைத்தானே கேட்க வேண்டும். முகாமே இல்லாத ஊர் என்றால் இந்தக் கேள்வி அவ்வளவு உறைக்காது.

நாலாவது முன்பள்ளிக்கானது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் பண்ணைகளும் முன்பள்ளிகளும் நடத்தியது. ஆசிரியைகளுக்கு மற்ற முன்பள்ளிகளில் கிடைப்பதை விடப் பல மடங்கு சம்பளம். வேலை தேவைப்பட்ட பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சம்பளத்தில்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் அடுத்த தெருவில் ஊர் நடத்திய முன்பள்ளிக்கு ஆசிரியை கிடைக்காமல் போனதும் அதே சம்பளத்தால்தான்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஆப்கானிஸ்தானில் 2003இல் கார்டெஸ் நகரில் தொடங்கி மாகாண மீள்கட்டுமானக் குழுக்கள் என்று அமைத்தார்கள். சிப்பாய், இராஜதந்திரி, உதவி அதிகாரி எல்லோரும் ஒரே மதிலுக்குள். பள்ளிக்கூடமும் பாலமும் எழும்பின. 2004இல் தெற்கே அமெரிக்கத் தலைமையிலான படைகள் வினியோகித்த துண்டுப்பிரசுரம், உதவி தொடர வேண்டுமென்றால் தலிபான் பற்றித் தகவல் தாருங்கள் என்ற தொனியில் இருந்தது. அதே வருடம் யூன் மாதம் பத்கீஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். 24 வருடம் அங்கே வேலை செய்த அந்த அமைப்பு யூலையில் நாட்டை விட்டே வெளியேறியது. துண்டுப்பிரசுரம்தான் கொலைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருந்து தருபவனும் துவக்கு வைத்திருப்பவனும் ஒரே ஆள் என்று சனம் நினைக்கத் தொடங்கினால், அந்த நினைப்பின் விலையைத் துவக்கு இல்லாதவன்தான் கட்டுவான்.

## வழி 2: கச்சேரி, பிரதேச செயலகம், வலயக் கல்விப் பணிமனை

மெதுவான வழி, அதில் இரண்டு பேச்சு இல்லை. கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், காணி உத்தியோகத்தரின் கடிதம், மதிப்பீடு, கேள்விக் கோரல் (டெண்டர்), அங்கீகாரம். நடுவில் ஒரு தேர்தல் வந்தால் எல்லாம் நிற்கும். மதிப்பீடு போட்ட நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் இடையில் சீமெந்து விலை ஏறியிருக்கும், அந்த இடைவெளியை மறுபடி உங்களிடம்தான் கேட்பார்கள். பக்கத்தில் குந்தியிருந்து துரத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெற்றோல் காசும் செலவுதான்.

ஆனால் பாடசாலைக் கட்டடம் என்றால் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். அரச பாடசாலை வளவுக்குள் எழும்பும் எதுவும் திணைக்களத்தின் பதிவில் ஏறினால்தான் ஆசிரியர், தளபாடம், திருத்தச் செலவு எல்லாம் பின்னால் வரும். சின்ன வேலைகளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ நேரடி ஒப்பந்தமாகக் கொடுக்கவும் இடமுண்டு. இது பலருக்குத் தெரியாது. கேட்டால் சொல்வார்கள்.

உத்தியோகத்தர் இடம் மாறுவார், கதிரை மாறாது. குறை சொல்லப் போகும் தாய்க்கு அந்தக் கதிரை எங்கே இருக்கிறது என்று தெரியும், பஸ் இலக்கமும் தெரியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. "குடிசார் நிர்வாகம்" என்று எழுதியிருப்பதெல்லாம் அப்படியே குடிசார் நிர்வாகம் என்று எடுத்துவிட வேண்டாம். 2009 மே மாதம் அப்போதைய ஜனாதிபதியின் தம்பி பஸில் ராஜபக்ஷ தலைமையில் வடக்குக்கான ஜனாதிபதி செயலணி அமைந்தது. எந்தத் தொண்டு நிறுவனத் திட்டமும் அதன் அனுமதி இல்லாமல் வடக்கில் நகரவில்லை. 2009 முதல் 2015 வரை வடக்கு மாகாண ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சேர்ட் போட்டிருந்தாலும், பட்டியலை இறுதியில் யார் பார்த்தார் என்பது வேறு கேள்வி. இன்று நிலைமை அப்படியே இல்லை. பழக்கம் முழுவதும் போய்விடவும் இல்லை.

## வழி 3: தொண்டு நிறுவனம்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். தொழில் தேர்ச்சி தேவைப்படும் வேலைக்கு நல்லது: வெடி அகற்றல், நிலத்தடி நீர்ப் பரிசோதனை, உளவளத்துணை. வெறுமனே மூன்று வீடு கட்ட என்றால் நிர்வாகச் செலவு, வாகனம், அறிக்கை எழுதும் ஆள் என்று உங்கள் காசில் ஒரு பங்கு வீட்டுக்கு வருமுன்னே போகும். திட்டக் காலம் முடிந்தால் அலுவலகமும் போகும். தொண்டர் நிறுவனங்களைப் பதிவு செய்யும் செயலகம் சில வருடங்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இருந்தது என்பதால், இராணுவத்தைத் தவிர்க்க இந்த வழி என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எவ்வளவு வீதம் நிர்வாகச் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல நிறுவனம் கூச்சப்படாமல் சொல்லும்.

## வழி 4: குடும்பமே கட்டுவது

நான் அலைந்தது இந்த வழியில், சாய்வும் இங்கேதான்.

இந்திய வீட்டுத் திட்டத்தை எடுங்கள். மொத்தம் 50,000 வீடு, அதில் வடக்கு கிழக்குக்கு 46,000, மலையகத்துக்கு 4,000. முதல் 1,000 வீட்டை ஒப்பந்தகாரர் கட்டினார்கள். பிறகு முறையையே மாற்றினார்கள். 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய கட்டத்தில் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே காசு போனது: வீட்டுக்கு 550,000 ரூபாய், தவணை தவணையாக. யூ.என். ஹபிடாற், செஞ்சிலுவை, ஹபிடாற் ஃபோர் ஹியுமானிட்டி, தேசிய வீடமைப்பு அதிகார சபை ஆகியவை மேற்பார்வை செய்தன. அத்திவாரம் முடிந்தால் அடுத்த தவணை, சுவர் முடிந்தால் அதற்கு அடுத்தது.

இதில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சமையலறையை எங்கே வைப்பது, வாசல் எந்தத் திசை, சாமியறை வேண்டுமா என்று குடும்பமே முடிவெடுத்தது. மேசன் கலவையில் சீமெந்தைக் குறைத்தால் வீட்டுக்காரி அங்கேயே பிடித்தார். பக்கெற் கணக்கு என்னை விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு வீட்டில் நான் அளவு எடுக்கப் போனபோது, நான் நாடாவை விரிக்க முன்னமே அந்த அக்கா விளக்குமாற்றுத் தடியால் அளந்து, "மற்றப் பக்கம் நாலு விரல் குறையுது, பாருங்கோ" என்றார். குறைந்துதான் இருந்தது.

மறைந்திருக்கும் செலவும் இங்கே பெரிது. ஆயிரக்கணக்கான வீடு ஒரே நேரத்தில் எழும்பியதால் மேசன் கூலி ஏறியது. மணல் பெர்மிற் ஒரு தலையிடி, பெர்மிற் கிடைத்தாலும் மணலின் விலை ஒவ்வொரு மாதமும் வேறு. தவணைக்குக் காத்திருக்கும்போது கடன். அப்புறம் நம்மவர் ஆசை: திட்டத்தில் ஏறத்தாழ 550 சதுர அடி, ஆனால் "கட்டுறது ஒருக்காத்தானே" என்று இன்னோர் அறை, முன்னால் ஒரு தூண் விறாந்தை. தாலிக்கொடி அடகுக்குப் போனது இப்படித்தான். வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, கட்டு வேலையையும் மேய்க்க வேண்டிய தனித் தாய்க்கு இந்த முறை சில நேரம் தண்டனை போலவே ஆனது. முதியவர் தனியே இருந்தால் முடியவே முடியாது.

இருந்தும், இதற்கு மாற்றாகக் காட்டப்பட்டதை நினைத்துப் பாருங்கள். 2016 வாக்கில் 65,000 இரும்பு வீடுகளை முன்கூட்டியே செய்து கொண்டுவந்து பொருத்தும் திட்டம் வந்தது. ஒன்றின் விலை சுமார் 21 இலட்சம். வெக்கை, அத்திவாரம், விறகடுப்புக்கு இடமில்லாமை என்று பொறியியலாளர்கள் உட்படப் பலர் எதிர்த்தார்கள். கல்வீடு போதும் என்று சனமே சொன்னது, திட்டம் சுருங்கிப்போனது.

ஆப்கானிஸ்தானிலும், மதிலுக்குள் இருந்த குழுக்கள் வேலை தொடங்கிய அதே 2003இல், இதே மாதிரி ஒன்று நடந்தது. தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டத்தில் ஊரே சபை ஒன்றைத் தெரிந்தெடுத்து, குடும்பத்துக்கு 200 டொலர், ஊருக்கு உச்சம் 60,000 டொலர் என்ற கணக்கில் எதைக் கட்டுவது என்று தானே முடிவெடுத்தது.

## ஒரே பார்வையில்

| | இராணுவம் | கச்சேரி வழி | தொண்டு நிறுவனம் | குடும்பம் |
|---|---|---|---|---|
| வேகம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் | மழையையும் மேசனையும் பொறுத்தது |
| கூலி யாருக்கு | ஊருக்கு இல்லை | ஒப்பந்தகாரருக்கு. சங்க ஒப்பந்தம் என்றால் ஊருக்கு | கலப்பு | ஊருக்கு |
| குறை சொல்ல | முகாம் வாசல் | தெரிந்த கதிரை | திட்டம் முடியும் வரை | தானே, மேசனிடம் |
| பின்பராமரிப்பு | இல்லை | உண்டு, தாமதமாக | பெரும்பாலும் இல்லை | உண்டு |
| மறை செலவு | ஊரின் மனம், பெயர்ப்பட்டியல் | விலையேற்றம், அலைச்சல் | நிர்வாகச் செலவு | கடன், அடகு |

## எந்த நிலையில் எது

காணியில் வெடிப்பொருள் சந்தேகம் இருந்தால் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். முதலில் கையளிப்புப் பத்திரம். அதை இராணுவப் பிரிவு தந்தாலும் சரி, ஹலோ தந்தாலும் சரி.

பாலம் உடைந்து ஊர் துண்டிக்கப்பட்டால், வெள்ளத்தில் படகு வேண்டுமென்றால், படையைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், பிரதேச செயலாளர் ஊடாகக் கேளுங்கள், முடியும் நாளையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

பாடசாலைக் கட்டடம் என்றால் கச்சேரி வழி. ஒரு வருடம் போனால் போகட்டும்.

வீடு என்றால் குடும்பம் கட்டட்டும், ஆனால் மூன்று திருத்தத்தோடு. முதல் தவணையைக் கொஞ்சம் பெரிதாகக் கொடுங்கள், கடனுக்குப் போகாமல் கல்லும் மணலும் வாங்கி வைக்கலாம். பெரிய வீடு கட்டினால் மேலதிகக் காசு இல்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். தனித் தாய்க்கும் முதியவருக்கும் கட்டு வேலையைப் பார்க்க, சங்கமே கூலி கொடுத்து ஊரில் ஓர் ஆளை அமர்த்துங்கள். இந்தக் கடைசிச் செலவைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள்.

இராணுவம் கட்டுவதே ஒரே வழி என்று ஆகும் இடமும் உண்டு. காசு மிகக் குறைவு, குடும்பத்தில் கட்டு வேலையைப் பார்க்க யாரும் இல்லை, அந்தக் குடும்பமே விரும்பிக் கேட்கிறது. அப்படியானால் செய்யுங்கள். விரும்பிக் கேட்கிறதா என்பதைச் சீருடை இல்லாத ஒருவர், தனியாக, வீட்டுக்குள் இருந்து கேட்டறிய வேண்டும். பயனாளிப் பெயர் கிராம சேவகரின் பட்டியலில் இருந்து வரட்டும். சாவியை மேடை போடாமல் கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். சில அதிகாரிகள் சம்மதிப்பார்கள்.

செயலாளருக்கு இவ்வளவையும் சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. கடைசியில் முன்பள்ளியை வலயத்தோடு கதைத்துச் செய்வதாகவும், மூன்று வீட்டையும் குடும்பங்களிடமே விடுவதாகவும் முடிவு. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப அண்ணை, திறப்பு விழாவுக்கு ஆரைக் கூப்பிடுறது?"

கட்டின மேசனைக் கூப்பிடுங்கோ என்றேன். சிரித்தார். கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.